பவளக்கொடிகிட்ட யாரும் பேசக்கூடாது

இப்பத் தாண்டினமுங்களே, பச்சை பெயிண்ட் அடிச்ச பெரிய கட்டடம், வாசல்ல ரண்டு வேன் நின்னுச்சே, அதுதானுங்க எங்க கம்பெனி. பனியன் கம்பெனி. நான் அங்க நாலாவது லைன் சூப்பர்வைசர். பேரு சாந்தாமணி. பத்தொம்போது வருசமாச்சு. கைமடியாப் போனவ, பீஸு மடிச்சு எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். அப்புறம் டைலரு. அப்புறந்தான் சூப்பர்வைசர். இப்ப நாப்பது மெஷினு என் கைக்குள்ள. நாப்பது பொம்பளைகளைக் கட்டி மேய்க்கறதுன்னா சும்மா இல்லீங்க.

நீங்க எந்தக் கம்பெனிக்கும் போறதில்லீங்களா? பாத்தாத் தெரியுது. உக்காந்து உக்காந்து இடுப்புப் போனவங்க பஸ்ஸுல ஏறி உக்கார்ற விதமே வேற.

போன வருசம் எங்க லைன்ல ஒரு விசயம் நடந்துபோச்சு. அதுல எம்மேல ஒரு பேரு வந்து ஒட்டிக்கிச்சு. நேருல யாரும் சொல்லலை. ஆனாத் தெரியுமில்லீங்க? நீங்க வெளியாளு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்பு?

பவளக்கொடின்னு ஒருத்தி. தேனிப் பக்கம். புருசன் சாயப்பட்டறையில வேலை, புள்ளை குட்டி இல்லை. நாலு வருசமா என் லைன்ல சிங்கர் மெஷின்ல கழுத்துப் பட்டி தைச்சுட்டு இருந்தா. தொழில்ல குத்தம் சொல்ல முடியாதுங்க. உள்ளதைச் சொல்லோணும். அவ தைச்ச பீஸு ஒண்ணு திரும்பி வராது. ஆனா வாயி. காலைல மெஷின் சுவிட்சைப் போடறதுக்கு முன்னால வாயைப் போட்டுருவா. பொழுதோட பெல் அடிக்கற வரைக்கும் நிக்காது. பக்கத்து மெஷின்காரி மாமியாரு கதை, வேன் டிரைவரு கதை, அவங்கூர்ல எவனோ ஆட்டைத் திருடிட்டுக் கெணத்துல உழுந்த கதை. கைபாட்டுக்கு ஓடும், வாய்பாட்டுக்கு ஓடும். சுத்தியும் பத்துப் பொம்பளைக சிரிச்சுக்கிட்டே தைப்பாளுக. நானே திரும்பி நின்னுட்டுச் சிரிச்சிருக்கேன். மூஞ்சியைக் காட்டிச் சிரிக்க மாட்டேன். சூப்பர்வைசர் சிரிச்சா லைன் போச்சு.

அப்ப எங்க கம்பெனில பாத்ரூம் போறதுக்கு ஒரு டோக்கன் இருந்துச்சுங்க. லைனுக்கு ஒண்ணு. மரக்கட்டையில நம்பரு போட்டுக் கயித்துல கட்டி என் டேபிள்ல தொங்கும். எடுத்துட்டுப் போனவ வந்து மாட்டினாத்தான் அடுத்தவ போகோணும். நான் வெச்ச சட்டமில்லை, கம்பெனி வெச்சது. காலைல ஒருக்கா, மத்தியானத்துக்கு மேல ஒருக்கா. அதுக்கு மேல எதுக்குங்க? நான் பத்தொம்போது வருசம் அடக்கலையா? எனக்கு ரண்டு தடவை நீர்த்தாரையில புண்ணாயி, ரத்தமாப் போயி, ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். யாருகிட்டயாவது போயிச் சொன்னனா?

மாசி மாசம். அவசர ஆர்டரு. மூணு நாள்ல சரக்கு ஏத்தோணும். வளர்மதின்னு ஒருத்தி, பவளக்கொடிக்குப் பக்கத்து மெஷினு. முப்பத்தஞ்சு வயசிருக்கும். அவளுக்குத் தீட்டு வந்தா நிக்காமப் போகும், கர்ப்பப்பையில ஏதோ கட்டின்னு சொல்லுவா. அன்னைக்கு மூணாவது தடவை வந்து டோக்கன் கேட்டா. ‘இப்பத்தானே போயிட்டு வந்தே, இந்தக் கட்டு முடியட்டும், இரு’ன்னேன். கட்டுன்னா அம்பது பீஸு. எத்தனை நேரம் ஆகப் போகுது? போயி உக்காந்தா. கொஞ்ச நேரத்துல பாத்தா ஸ்டூல் காலு வழியாச் சொட்டுது. லைனே பாத்துச்சு. அவ எந்திரிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம மெஷின்மேல தலையைக் கவுத்துக்கிட்டா.

பவளக்கொடி என்ன பண்ணுனா தெரியுங்களா? மெஷினை நிறுத்தினா. தன் துப்பட்டாவை எடுத்து வளர்மதி இடுப்புல சுத்தினா. கைத்தாங்கலா நடத்திக் கூட்டிட்டு நேரா என் டேபிளுக்கு வந்தா. டோக்கனைக் கயித்தோட எடுத்துட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை கேக்கலை. என் மூஞ்சியைப் பாக்கவுமில்லை.

அதைக்கூட நான் விட்டுட்டேனுங்க. அவசர ஆர்டரு, நல்ல டைலரு, போச்சாது, போகட்டும்னு விட்டேன்.

அடுத்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க ஆளு அனுப்பினாங்க. துணி வாங்கறவங்க. லேபருக நல்லாருக்காங்களான்னு பாக்கறதுக்குன்னு வருவாங்க. எங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுரும். என்ன கேப்பாங்க, என்ன சொல்லோணும், எல்லாம் நான் லைன்ல சொல்லிக் குடுத்தாச்சு. எல்லாரும் நல்லாத்தான் தலையை ஆட்டினாளுக. வந்த அம்மா தானா அஞ்சு பேரைப் பொறுக்கி எடுத்து, சாப்பாட்டு ஹால்ல உக்கார வெச்சுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அஞ்சுல ஒருத்தி பவளக்கொடி. டோக்கனைச் சொல்லிட்டா. ஸ்டூலுல சொட்டினதையும் சொல்லிட்டா.

மறுநாள் காலைல மேனேஜரு எங்க லைனுக்கே வந்தாரு. எனக்கு மகன் வயசு அவருக்கு. அந்த டோக்கனை எடுத்து என் நெஞ்சு மேல வீசினாரு. ‘பத்தொம்போது வருசமா என்னத்தைப் புடுங்கினே? நாப்பது பொம்பளைக வாயை அடைக்கத் தெரியலே, நீயெல்லாம் ஒரு சூப்பர்வைசரா?’ன்னாரு. அப்புறஞ் சொன்னதையெல்லாம் இங்க சொல்ல முடியாதுங்க. பத்து நிமிசம். நாப்பது மெஷினும் நின்னுபோச்சு. யாரும் நிறுத்தச் சொல்லலை, அவளுகளா நிறுத்திட்டாளுக. தலைக்கு மேல பேன் ஓடற சத்தம் மட்டுந்தான். நான் குனிஞ்சு டோக்கனைப் பொறுக்கினேன். குனியறப்ப ஒருத்தி மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. எனக்காக எவ அழுகறான்னு பாத்தா, பவளக்கொடி.

அந்த அழுகை இருக்குதுங்களே, அதுதான் எனக்கு ஆகலை. மேனேஜரு பேசினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு மேல இருக்கறவங்க அவரைப் பேசியிருப்பாங்க. அவரு என்னைப் பேசறாரு. நான் இவளுகளைப் பேசறேன். மேல இருந்து கீழ வரும், அதுதான் கம்பெனி. இவ என்னடான்னா கீழ இருந்து மேல போறா. போயிட்டு எனக்காக அழுகறா.

திங்கக்கிழமை காலைல, அவ வேன் வர்றதுக்கு முன்னால மீதிப் பேரைக் கூப்பிட்டேன். நான் கத்தலீங்க. கத்தறவ நானில்லை. மெதுவாத்தான் சொன்னேன். ‘இன்னைலேர்ந்து பவளக்கொடிகிட்ட யாரும் பேசக்கூடாது. அவ கேட்டாப் பதில் சொல்லக்கூடாது. சிரிக்கக்கூடாது. பேசறவளுக்கு லீவு கேட்டா லீவு இல்லை, ஓ.டி. இல்லை, தீவாளிக்கு ஊருக்குப் போறது என் கையில.’ அவ்வளவுதான். வளர்மதியைத் தனியா நிறுத்தி, ‘உனக்கு மட்டும் டோக்கன் இல்லாமப் போக வுடறேன். ஆனா நீதான் மொதல்ல வாயை மூடோணும்’னேன். பவளக்கொடியோட காலி ஸ்டூலைப் பாத்தா. அப்புறம் சரீன்னு தலையை ஆட்டினா.

மொத நாளு பவளக்கொடிக்குப் புரியலை. ஆட்டுக் கதையாட்ட ஏதோ ஆரம்பிச்சா. யாரும் திரும்பலை. ‘என்னடி, ஊமை நோன்பா?’ன்னு கேட்டுட்டு அவளே சிரிச்சுக்கிட்டா. ரண்டாம் நாளும் பேசினா. ஒரு வாரம் வரைக்கும் அவபாட்டுக்குப் பேசிட்டே இருந்தா. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. சாப்பாட்டு ஹால்ல அவ தட்டத்தைக் கொண்டு போயி வெச்சா அந்தப் பெஞ்சே எந்திரிச்சுப் போயிரும். வளர்மதிக்குப் புடிக்கும்னு வீட்லயிருந்து கருவாட்டுக் கொழம்பு கொண்டாருவா. டப்பாவைத் தள்ளி வெச்சா, வளர்மதி அதைத் தொடாம, தன் சோத்தை எடுத்துட்டு ஜன்னல்கிட்டப் போயி நின்னுட்டே தின்னா. அந்த வாரம் முச்சூடும் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தா. அப்புறம் கொண்டாரலை.

மூணாவது வாரம் எங்கிட்ட வந்தா. நான் டேபிள்ல கணக்கு எழுதிட்டு இருந்தேன். முன்னால வந்து நின்னா.

‘அக்கா, நான் பேசுனது தப்புன்னா நாலு அறை அறைஞ்சுருங்க. எல்லாரு முன்னாடியும் அறைஞ்சுருங்க. இப்படிப் பண்ணாதீங்கக்கா. கம்பெனிக்குள்ள வந்தா செத்துப் போனவ மாதிரி இருக்குக்கா. நான் இருக்கேனா இல்லையான்னே தெரியலக்கா.’

நான் வாட்சைப் பாத்தேன். அப்புறம் அவளுக்குப் பின்னால நின்னவகிட்ட, ‘என்ன கண்ணு, நூலு தீந்துபோச்சா?’ன்னு கேட்டேன். பவளக்கொடி இருக்கற எடத்துல காத்து இருக்கறாப்பல.

அவ திரும்பி மெஷினுக்குப் போயிட்டா. உள்ளதைச் சொல்றனுங்க, மேனேஜரு பேசின நாள்லேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அன்னைக்குத்தான் வீட்ல போயி நல்லாத் தின்னேன்.

சித்திரை பொறந்துச்சு. அப்புறம் அவ பேச்சு கொறைஞ்சுது. அப்புறம் நின்னுபோச்சு. உதடு மட்டும் ஆடும். மெஷினுகிட்டப் பேசறான்னு செக்கிங்ல சொல்லிச் சிரிச்சாங்க. பீஸு திரும்பி வர ஆரம்பிச்சுது. கழுத்துப் பட்டி கோணலு, நூலு வுட்டுப்போறது. நாலு வருசமாத் திரும்பாதவ. ஒரு நாள் இருவது பீஸு வந்துச்சு. அந்தக் கட்டைக் கொண்டு போயி அவ மடியில போட்டேன், பேசலை. எடை தாங்காம மடி இறங்குச்சு. அப்பவும் அவ நிமுந்து பாக்கலீங்க.

ஒரு நாள் அவ புருசன் கம்பெனி கேட்டுல வந்து நின்னாரு. கையெல்லாம் சாயம், நகமெல்லாம் நீலம். பாவமாத்தான் இருந்துச்சு. ‘அக்கா, வீட்டுக்கு வந்தா வாயே தெறக்க மாட்டேங்குறா. தூங்க மாட்டேங்குறா. டாக்டரு மாத்திரை குடுத்துருக்காரு. என்னன்னு கேட்டா, நான் பேசுனா உனக்குக் கேக்குதான்னு என்னையவே கேக்குறா. கம்பெனில ஏதும் நடந்துச்சாக்கா?’ன்னாரு.

‘கம்பெனில என்னங்க நடக்கும்? எங்க லைன்ல ஒரு சண்டை சச்சரவு கெடையாது. யாரும் அவளை ஒரு சொல்லு சொன்னதில்லை’ன்னேன். பொய்யா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு சொல்லு யாராச்சும் சொன்னமா?

அவரு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

வைகாசியில ஒரு நாளு. மத்தியான டீ முடிஞ்சு எல்லாரும் உக்காந்தாச்சு. நான் லைனைப் பாத்துட்டே வர்றேன், பவளக்கொடி மெஷினு நிக்குது. அவ உக்காந்திருக்கா, கை மெஷின்மேல இருக்குது, மெஷினு ஓடலை. சரி, மெத்தனம் பண்றான்னு நெனைச்சேன். பேசக்கூடாதுன்னு இருக்கறதால போயித் திட்டவும் முடியலை. அஞ்சு நிமிசம் பாத்தேன். பத்து நிமிசம் பாத்தேன். அவளுக்கு முன்னால பீஸு மலையாட்டக் குமியுது. எனக்கு ஆத்திரம். பக்கத்துல வளர்மதி குனிஞ்சு தைச்சுட்டே இருக்கா. இந்தப் பக்கத்துக்காரியும் தைக்கறா. தலையைத் தூக்கவே இல்லை. என்றா இது, இவ்வளவு சுறுசுறுப்புன்னு நெனைச்சேன். கடைசியில அளவு பாக்கற அடிக்குச்சியை எடுத்துட்டுப் போயி அவ டேபிள்ல டொக்குன்னு ஒரு தட்டுத் தட்டினேன்.

அப்பத்தானுங்க பாத்தேன். ஊசி ஏறியிருக்குது. ஆள்காட்டி வெரல்ல, நகத்து வழியா எறங்கி, அடியில வந்து, மெஷினோட சேத்துத் தைச்சாப்பல நிக்குது. வெள்ளைத் துணி. உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் ஊறி ஓரமெல்லாம் காஞ்சுபோச்சு. இருவது நிமிசம் ஆயிருக்கும்னு அப்புறம் சொன்னாங்க. இருவது நிமிசம் கத்தலை. ரண்டு பக்கமும் பாத்தவளுக யாரும் எங்கிட்ட வந்து சொல்லலை. வளர்மதி அழுதுட்டே தைச்சிருக்கா. அவ தைச்ச பட்டியெல்லாம் ஈரம்.

நான்தானுங்க வீலைக் கையில சுத்தி ஊசியை மேல எடுத்தேன். அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான்தான் எடுத்தேன். வெரலு வெளிய வந்துச்சு. அவ வெரலைப் பாக்கலை. என்னைப் பாத்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தா. மெதுவாக் கேட்டா:

‘அக்கா, நான் இப்பப் பேசலாமா?’

என்னங்க கேள்வி இது? அவளைப் பேசக்கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? மத்தவளுகளைத்தான் அவகிட்டப் பேசாதீங்கன்னேன். அவளைச் சொல்லலையே. வாயைத் தெறந்து ஒரு கத்துக் கத்தியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டனா? லைன்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, அவளைப் பேசாதேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் பதில் சொல்றதுக்குள்ள கம்பெனி நர்ஸு வந்து கூட்டிட்டுப் போயிட்டா. அந்தக் கட்டு முச்சூடும் வேஸ்ட்டு. ரத்தம் பட்ட துணி அனுப்ப முடியாதுங்களே.

அப்புறம் அவ வரலை. வெரலு ஆறிப்போச்சாமா. மனசுக்குத்தான் வைத்தியம் பாக்கோணும்னு டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு. புருசன்காரரு ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. பஸ்ஸு ஏத்திவிட்ட அன்னைக்கு லைன்ல பாதிப் பேரு லீவு. எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்துவலி. நான் கேக்கலை. வுட்டுட்டேன். ஊர்லயும் பேசறதில்லையாம். வாசல்ல உக்காந்து, போற வர்றவங்க மூஞ்சியைப் பாத்துட்டே இருக்காளாம். யாராச்சும் ‘பவளம்’னு கூப்பிட்டாச் சுத்திமுத்திப் பாக்கறாளாம், வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு.

கம்பெனி சும்மா இருக்கலைங்க. அந்த டாக்டரு சீட்டு எப்படியோ வெளிநாட்டுக்காரங்களுக்குப் போயிருச்சு. ஒடனே ஒரு கமிட்டி போட்டாங்க. லேபருக மனசு நல்லா இருக்குதான்னு பாக்கறதுக்கு. அதுக்குத் தலைவி யாரு தெரியுங்களா? நான்தான். மேனேஜரே பேரு சொன்னாரு. மாலை போட்டு போட்டோ எடுத்து வாசல்ல மாட்டியிருக்குது. டோக்கனை எடுத்தாச்சு, இப்ப நோட்டுதான். போற நேரம், வர்ற நேரம் எழுதிட்டுப் போனாப் போதும். புதன்கெழமையானா ஒரு படிச்ச பொண்ணு வந்து சாப்பாட்டு ஹால் மூலையில உக்காருது, கஷ்டம் இருந்தா வந்து சொல்லுங்கன்னு. இதுவரைக்கும் ஒருத்தரும் போகலை. கஷ்டம் இருந்தாத்தானே போவாங்க?

டிக்குப் போடற பாரம் ஒண்ணும் குடுத்தாங்க. ‘வேலை செய்யும் இடத்தில் பயமில்லாமல் பேச முடிகிறதா?’ன்னு கேள்வி. அவ எடத்துக்கு வந்த புதுப் பொண்ணையும் சேத்து நாப்பது பேரும் ‘ஆம்’னு டிக்கு. ஒருத்திகூட மாத்திப் போடலை. கம்பெனிலயே எங்க லைன்தான் பஸ்ட்டு. அதுக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க.

அவ போன மறுநாளே நான் சொல்லிட்டனுங்க. ‘இனிமே பேசுங்க, சிரிங்க, ஒரு தடையும் இல்லை’ன்னேன். யாரும் பேசலை. ஆடி போயி, ஆவணி போயி, இப்பத் தை மாசமும் வந்தாச்சு. மெஷின் சத்தந்தவிர ஒரு சத்தம் கேக்காது எங்க லைன்ல. எதைக் கேட்டாலும் ‘சரிங்க’, ‘இல்லீங்க’. அதுக்கு மேல ஒரு எழுத்து வராது. நான் சாப்பாட்டு ஹாலுக்குப் போனா எந்திரிச்சு எடம் வுட்டுருவாளுக. பெஞ்சு முச்சூடும் எனக்கே. மரியாதைங்க. அந்த மாதிரி மரியாதை எந்த சூப்பர்வைசருக்கும் கெடையாது. போன மாசம் வளர்மதி புள்ளை பெரியவளாயிச் சீரு வெச்சாங்க. லைன்ல அத்தனை பேருக்கும் பத்திரிகை வெச்சா. எனக்கு மறந்துட்டா. வேலை நெருக்கடி, மறந்திருக்கும். நான் மொய்க்கவரு வாங்கி ரெடியா வெச்சிருந்தேன், அது அப்படியே பையில இருக்குது.

பொழுதோட வீட்டுக்குப் போனா வீட்ல யாரும் இல்லீங்க. மகன் பெங்களூர்ல. போன் பண்ணினா எடுப்பான். ‘ம்’ம்பான். டிவியைப் போட்டு வுட்டுருவேன். ஞாயித்துக்கெழமையானா இப்படிப் பஸ்ஸு ஏறித் தாராபுரம் போவேன். அங்க ஒறம்பரை, சொந்தம்னு யாரும் இல்லை, சும்மாத்தான். போயிட்டு ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துருவேன். போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். பக்கத்துல ஒரு ஆளு இருக்குமில்லீங்க.

இப்பச் சொல்லுங்க. எல்லாத்தையும் கேட்டீங்க. நான் பண்ணினதுல என்ன தப்பு? அவளைக் கைநீட்டி அடிச்சனா? ஒரு கெட்ட வார்த்தை பேசினனா?

ஏனுங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?

அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? இது அவிநாசிபாளையமுங்க. தாராபுரத்துக்கு இன்னும் எத்தனை தூரம் கெடக்குது, குண்டடமே வரலையே.

அந்த சீட்டுல வெய்யிலடிக்குமுங்க.

அம்மிணி... வெய்யிலடிக்கும், கேக்குதுங்களா?